தவக்காலத்தில் விட்ட மாத்திரை

ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்தால் எங்கள் சனங்கள் எதையாவது விடுவார்கள். சிலர் நாற்பது நாளும் கறி தொடமாட்டார்கள். சிலர் வெற்றிலையை விடுவார்கள், சிலர் சினிமாவை. என் மனைவி காப்பியை விடுவாள். அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவளிடம் வாய் கொடுக்க முடியாது. பிடித்ததை விட்டால்தான் அது ஒறுத்தல் என்று ஞான உபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்தது எனக்குச் சின்ன வயதிலேயே நன்றாக ஏறிவிட்டது. அதனால்தான் அந்த வருடம் நான் மாத்திரையை விட்டேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. வீடு பரவையில். வேலை மதுரைக்குள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில், கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டர். படிப்பு பத்தாவதோடு சரி. மனைவி, பத்தாவது படிக்கிற ஒரு மகள், நாங்களே கட்டிய ஓட்டு வீடு. கடவுள் எங்களை ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருந்தார். கோயில் காரியங்களில் முன்னால் நிற்பேன். எங்கள் கோயில் பங்கில் யார் வீட்டில் சாவு என்றாலும் செபமாலை சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். குரல் கணீரென்று இருக்கும், மைக் வேண்டாம் என்பார்கள்.

ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அது வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாரும் சாகவில்லை, யாரோடும் சண்டை இல்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது வெளியே வந்திருப்பேன். சோறு மண் மாதிரி இருந்தது. குளிக்கப் போய் வாளியில் தண்ணீர் நிறைந்து வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மகள் பேசுவது கேட்கும், ஆனால் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி கேட்கும். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பரவை வந்துவிட்டது என்று தெரியும். எழுந்திருக்க முடியாது. கால் நன்றாகத்தான் இருக்கும். எழுந்திரு என்று சொல்ல உள்ளே ஆள் இருக்காது.

“அண்ணே, ஒங்க ஸ்டாப்பு போயிருச்சுல்ல” என்பார் கண்டக்டர்.

“சமயநல்லூர்ல ஒரு சோலி இருக்கு” என்று பொய் சொல்லிவிட்டு, அங்கே இறங்கித் திரும்ப பஸ் ஏறுவேன். வாரத்துக்கு இரண்டு நாள் எனக்குச் சமயநல்லூரில் சோலி இருந்தது.

யாரிடம் சொல்வது? ஊருக்கே செபம் சொல்கிறவன் நான். என் மனைவியின் அண்ணனிடம் ஒரு நாள் லேசாகச் சொல்லிப் பார்த்தேன்.

“மனசு சரியில்ல மச்சான்.”

“ஒங்களுக்கு என்ன மாப்ள கொறச்சல்? மாசம் பொறந்தாச் சம்பளம், எந்தங்கச்சி மாதிரி வாயில்லாப் பொண்டாட்டி.”

உள்ளே இருந்து என் மனைவி, “யாருக்கு வாயில்ல?” என்றாள்.

“பாருங்க, இதுக்கே மனசு சரியாப் போகும்” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு முகத்தில் மட்டும் வந்து போனது.

பக்கத்து வீட்டு அக்கா ஒன்பது நாள் விடாமல் செபிக்கிற நவநாள் செய்யச் சொன்னார். இன்னொருவர், “முழங்கால்ல நின்னு மனசு ஒடஞ்சு அழுங்க, விசுவாசம் இருந்தாத் தன்னால தீரும்” என்றார். முழங்காலில் நின்றேன், அழுகை வரவில்லை. விசுவாசம் இல்லாததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் விசுவாசம் போனதா என்று அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். செபமாலையில் ஒரே மணியைப் பிடித்தபடி விரல் நின்றுவிடும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் நான் தியானத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

கிறிஸ்துமசுக்குப் பிறகு என் மனைவியே விசாரித்து ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இது மனச்சோர்வு, நோய்தான், சோம்பேறித்தனம் இல்லை என்றார். படுக்கும்போது போட மாத்திரை கொடுத்தார். பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். மாத்திரை மட்டும் போதாது, ஒருவரிடம் போய்ப் பேசவும் வேண்டும் என்று ஒரு அம்மாவிடம் அனுப்பினார்.

அந்த அம்மா தல்லாகுளத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம், பருத்திச் சேலை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம். முதல் நாள் என் மனைவியும் உள்ளே வந்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

“தூக்கம் எப்படி சார்?”

“இவுக தூங்குறதே இல்லங்க டாக்டரம்மா.”

“நான் டாக்டர் இல்லம்மா, பேச மட்டும் செய்வேன். சாப்பாடு சார்?”

“ரெண்டு வாய் வச்சுட்டு தட்டுலயே கையக் கழுவிருறாக.”

“சாருக்குக் கோவம் வருமா?”

“இவுகளுக்கா? வந்தாலும் பரவாயில்லைங்கிறேன்.”

அந்த அம்மா சிரித்துவிட்டு, அடுத்த வாரம் முதல் வெளியே பெஞ்சில் இருக்கும்படி அவளிடம் சொன்னார். அவள் ஒத்துக்கொண்டாள். பரவை மார்க்கெட்டில் மொச்சை வாங்கி வந்து, நான் உள்ளே பேசுகிற நேரம் வெளியே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் வாரம் நான் செய்த தப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அங்கே இரண்டு நாற்காலிகளையும் நேருக்கு நேர் போடாமல் சாய்வாகப் போட்டிருந்தார்கள், முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல். எங்களுக்குக் கோயிலில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அப்படித்தான். சாமியார் பக்கவாட்டில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு வைத்தியம் அதுதான். ஆகவே பஸ்ஸிலேயே ஒரு வாரத்துப் பாவங்களை எண்ணி ஆத்தும சோதனை செய்து, கணக்கு ஒழுங்காக வைத்துக்கொண்டு போனேன்.

“சொல்லுங்க சார்” என்றார்.

“போன வியாழன்ல இருந்து மகளக் கோவமாப் பேசினது மூணு தடவ. மச்சான் மாடி எடுத்துக் கட்டுறதப் பாத்துப் பொறாமப்பட்டது ரெண்டு தடவ. காலைச் செபத்த விட்டது ஆறு தடவ. பொய் சொன்னது, அது கண்டக்டர்ட்ட மட்டும், ரெண்டு தடவ.”

“ம்.”

“அம்புட்டுதான் மேடம்.”

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில் நானே கேட்டேன்: “நீங்க ஏதும் சொல்லலையே.”

“என்ன சொல்லணும் சார்?”

“இல்ல, இம்புட்டுச் செபம் சொல்லு, இன்னது செய்யின்னு சாமியார் சொல்லுவாரு. அதச் செஞ்சா முடிஞ்சிரும்.”

அவர் சிரிக்கவில்லை. “அதக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது சார். நீங்க சொன்னதுல ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மகளத் திட்டின பெறகு ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எத்தனை தடவை என்றால் சொல்லிப் பழக்கம் உண்டு. எப்படி இருந்தது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. “தப்புதான் மேடம்” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பினார். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். தூங்கினேனா, மாத்திரை போட்டேனா, சாப்பிட்டேனா, அன்றைக்கு உருப்படியாக என்ன செய்தேன் என்று குறிக்க வேண்டும். வாரா வாரம் வியாழக்கிழமை போய் வந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து வந்த மாதிரி இருந்தது. பாவத்தைச் சொல்லியாயிற்று, அதற்கு உண்டான அபராதத்தை யாரும் தரவில்லை. சொன்ன பாவமெல்லாம் திரும்ப என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரத்தில்தான் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு கோயில் படியில் நின்றபோது அந்த யோசனை வந்தது. மாத்திரை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. நாலைந்து மணி நேரம் தூங்கினேன். ஏழெட்டு மாதத்தில் எனக்கு இனித்த ஒரே பண்டம் அந்தத் தூக்கம். பிடித்ததைத்தானே விட வேண்டும்? அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் அவரே குணமாக்குவார் என்று நினைத்தேன். சத்தியமாக நல்லெண்ணத்தில்தான் செய்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. ஒறுத்தலை வெளியே சொல்லிக்கொண்டு செய்யக்கூடாது என்பதும் அதே வகுப்பில் படித்ததுதான்.

முதல் மூன்று நாள் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தலை சுற்றல், கை நடுக்கம். தூக்கம் சுத்தமாகப் போயிற்று. ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்கும் கீழே போய்விட்டேன். முன்பு ஒன்றும் தோன்றாமல் இருந்தது. இப்போது தோன்ற ஆரம்பித்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு நன்றாக இருக்கும். மகளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்த அப்பன் வேண்டாம். காலையில் கண் விழிக்காமல் போய்விட்டால் போதும். கேட்காமலே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பது போல அது இருந்தது, பூசையிலும் சரி, பஸ்ஸிலும் சரி.

லேப் அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கும். பதின்மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு பூட்டப் போனவன், பூட்டாமல் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாட்ச்மேன் அண்ணே வராண்டாவில் வந்து, “இன்னும் பூட்டலையா?” என்றார். “இந்தா” என்று பூட்டினேன். அவர் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் மாட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நினைப்பு எங்கள் கணக்கில் சாவான பாவம். அதை வைத்துக்கொண்டு பூசையில் நற்கருணை, நாங்கள் நன்மை என்போம், அதை வாங்கக்கூடாது. வாங்குவதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எங்கள் பங்குச் சாமியாருக்கோ என் குரல் நன்றாகத் தெரியும். வாங்காமல் உட்கார்ந்திருந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும். இரண்டு ஞாயிறு, நன்மை கொடுக்கிற நேரம் பார்த்து எழுந்து போய் மைக்கின் வயரைச் சரிசெய்தேன். வயரில் ஒரு கோளாறும் இல்லை. மறுபடி மாத்திரையைத் தொடலாம் என்றால், ஒப்புக்கொடுத்ததைத் திரும்ப எடுப்பது இன்னொரு பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய சுவர்.

வியாழக்கிழமைகளில் மட்டும் தவறாமல் போனேன். அந்த அம்மாவிடம் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினேன், வெயிலைப் பற்றிப் பேசினேன். தாளில் மாத்திரைக் கட்டத்தில் எல்லாம் டிக் போட்டுக் கொடுத்தேன்.

முப்பதாம் நாள் வியாழன். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே மாதிரி டிக். பஸ்ஸுல வரும்போது போட்டீங்களா சார்?”

தலையை ஆட்டினேன்.

“போட்டா என்ன, பரவாயில்ல. மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“இல்ல மேடம்.” பொய் சொல்லவும் தெம்பில்லை. “தவக்காலத்துக்கு விட்டுட்டேன்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். “இன்னைக்கு எத்தனாவது நாளு?”

“முப்பது.”

“மொத நாள்ல இருந்து சொல்லுங்க. பாவம் புண்ணியம் எதுவும் வேண்டாம். எந்திரிச்சதுல இருந்து படுத்தது வரைக்கும் ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாள் சாம்பல், பெருமை. நாலாம் நாள் கை நடுங்கி ஒரு குடுவையை உடைத்தது. எட்டாம் நாள் மகள் “அப்பா” என்று கூப்பிட்டது என்னைத்தான் என்று புரிய நேரமானது. என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன், அது யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. அந்த ஆளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் முடிந்து அடுத்த நாளுக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது.

அவர் முன்பு மாதிரியே காத்திருந்தார். ஆனால் இந்தத் தடவை நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.

சொல்லிவிட்டேன். அலமாரி, சாவி, வாட்ச்மேன் அண்ணே, காதுக்குள் கேட்கிற பேச்சு, மைக் வயர் எல்லாம். சொல்லி முடித்ததும்தான் அழுகை வந்தது. எட்டு மாதமாக முழங்காலில் நின்றும் வராத அழுகை. அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இப்போதும் அந்த நினைப்பு இருக்கிறதா, எதையும் முடிவு செய்து வைத்திருக்கிறேனா என்று நேராகவே கேட்டார். நானும் நேராகவே சொன்னேன்.

பிறகு அவர், “சார், நீங்க சொல்றத நான் வெளிய யார்ட்டயும் சொல்றதில்ல. இத ஒண்ண மட்டும் நான் தனியா வச்சுக்கிட முடியாது. ஒங்க வீட்டம்மாவுக்குத் தெரியணும். டாக்டருக்கும் இன்னைக்கே ஃபோன் பண்ணிருவேன்” என்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் சாமியார் வெளியே விடமாட்டார். அந்த நம்பிக்கையில்தான் வாயைத் திறந்தேன். “நீங்க இப்படிச் செய்வீங்கன்னு தெரிஞ்சா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்” என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்தது.

“மொத நாளே இதச் சொல்லியிருந்தேன் சார். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, அன்னைக்கு இருந்த நெலமைக்கு. கோவப்படுங்க, தப்பில்ல. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி இருந்தாள். இந்தப் பக்கம் இவர். போக வேறு வழியில்லை.

“நானே சொல்றேன்” என்றேன்.

வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடியில் பாதி உரித்த மொச்சை. அந்த அம்மா வாசலிலேயே நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “நான் மாத்திரைய விட்டுட்டேன்” என்றேன். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சொல்லி முடித்தேன். நாலு வாக்கியம் இருக்கும்.

அவள் கை மொச்சையை உரித்துக்கொண்டேதான் இருந்தது. தோலைக் கிண்ணத்திலும் பருப்பைப் பையிலுமாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகு, “அந்தச் சாவி எங்க?” என்றாள்.

“இடுப்புல.”

“குடுங்க.”

“பள்ளிக்கூடத்துச் சாவி அது. காலையில நாந்தான் தெறக்கணும்.”

“நீங்க தெறக்க வேண்டாம். நாளைக்கு ஒங்க கூட நானும் வாரேன். எச்செம்மு ஃபாதர் கையில குடுத்துட்டு வந்துருவோம்.” சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் அவள் முகம் உடைந்தது. “எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன, சாமியாரா?”

அவள் மடியிலிருந்து ஒரு கை மொச்சையை அள்ளி நானும் உரிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் தலைமை ஆசிரியர் அறையில் என் மனைவிதான் பேசினாள். ஃபாதர் நல்லவர். ஆனாலும் உள்ளதைச் சொன்னால் வேலை என்ன ஆகுமோ என்று எங்களுக்குப் பயம். அதனால் வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தாள். பொய் வேண்டாமே என்று நான் சொன்னதற்கு, “அத நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிடுறேன், நீங்க பேசாம நில்லுங்க” என்று அடக்கிவிட்டாள்.

“இவுகளுக்கு முட்டுவலி ஃபாதர். மாடி லேபுக்கு ஏற முடியல. கீழ ஏதாவது வேல குடுங்க.”

“எந்த முட்டு?” என்றார் ஃபாதர்.

“ரெண்டும்” என்றாள் அவள். அதே நேரத்தில் நான் “வலது” என்றேன்.

ஃபாதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சாவியை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். திங்கட்கிழமை முதல் கீழே லைப்ரரியில் புத்தகம் ஒட்டுகிற வேலை என்றார்.

அன்றைக்கே டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். மனைவி கையால்தான் தருவாள், விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஈஸ்டர் பூசைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அந்த ஈஸ்டருக்கு நான் நன்மை வாங்கவில்லை, மைக்கிடமும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் பார்த்தார்கள். அடுத்த வருடம் மழைக்காலம் வரைக்கும் வியாழன்தோறும் அந்த மாடிக்குப் போனேன். பாதி நாள் பேச ஒன்றும் இருக்காது. போன வாரம் மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன். “அது எப்படி இருந்துச்சு?” என்று அவரும் விடாமல் கேட்டார். பதில் கொஞ்சம் கொஞ்சமாக நீளமானது.

முட்டுவலி மட்டும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மச்சான் எங்கிருந்தோ ஒரு தைலம் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு அக்கா நொச்சி இலை பறித்து வந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பேரையூர்ப் பக்கம் ஒரு எலும்பு வைத்தியர் இருப்பதாக வாட்ச்மேன் அண்ணே சீட்டில் வழி எழுதிக் கொடுத்தார். கோயிலில் எனக்கு நாற்காலி போட்டார்கள். முழங்காலில் நிற்க வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த எட்டு மாதத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வியை, இப்போது வழியில் நிறுத்திக் கேட்டார்கள்.

“அண்ணே, எப்படி இருக்கு இப்ப?”

“முன்னைக்கு இப்பத் தேவல” என்பேன். சில நாள் அது நிசமாகவும் இருந்தது. பிறகு அவர்கள் பார்வையில் இருந்து மறைகிற வரைக்கும் வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பேன்.